கைவிலங்கு கழன்ற பிறகும் அவள் ஏன் போகவில்லை? ‘தி 39 ஸ்டெப்ஸ்’ பற்றி முடிவு வரை பேசலாம்

வைகைக்கரை | வெள்ளி, இரவு 9.40

முதல்லயே சொல்லிடறேன், இந்த இழையில படத்தோட கடைசிக் காட்சி வரைக்கும் பேசப்போறோம். இன்னும் பாக்காதவங்க 86 நிமிஷம் ஒதுக்கிப் பாத்துட்டு வாங்க. ஹிட்ச்காக் ஹாலிவுட்டுக்குப் போறதுக்கு முன்னாடி, 1935ல, இங்கிலாந்துல எடுத்த படம்.

முன்பின் தெரியாத ரெண்டு பேர் சேர்ந்து ஓடுற த்ரில்லர் நமக்குப் புதுசு இல்ல. பின்னால போலீஸ், இன்னொரு பக்கம் கொலைகாரக் கும்பல், நடுவுல ஒருத்தரை ஒருத்தர் நம்பாத ரெண்டு பேர். எதைப் பாத்தாலும் எனக்கு ஒரே கேள்விதான் வரும்: இவங்க ஏன் பிரிஞ்சு போகல? பல படங்கள்ல இதுக்குப் பதிலே கிடையாது. அவன் ஹீரோ, அவ ஹீரோயின், அதனால சேர்ந்து ஓடுறாங்க. இந்தப் படம் அந்தக் கேள்வியை நேராக் கையில எடுத்து, ரெண்டு பேர் கையிலயும் விலங்கா மாட்டிடுது.

கதை மறந்தவங்களுக்காகச் சுருக்கமா. ரிச்சர்ட் ஹானே கனடாவுலேர்ந்து லண்டன் வந்திருக்கறவன். ராபர்ட் டோனட் நடிச்சிருக்கார். ஒரு மியூசிக் ஹால்ல துப்பாக்கிச் சத்தம் கேட்டுக் கூட்டம் சிதறுது. யாருன்னே தெரியாத ஒரு பொண்ணு, உங்க வீட்டுக்கு வரலாமான்னு கேக்கறா. தான் உளவு வேலை பாக்கறவன்னும், நாட்டு ரகசியம் ஒண்ணு வெளிய போகப்போகுதுன்னும், சுண்டுவிரல்ல ஒரு கணு இல்லாதவன்தான் அந்தக் கும்பலுக்குத் தலைவன்னும் சொல்றா. விடியறதுக்குள்ள முதுகுல கத்தியோட அவன் மேலயே வந்து சாயறா. கையில ஸ்காட்லாந்து வரைபடம். பழி ஹானே மேல. அங்கேர்ந்து ரயில்ல வடக்க ஓட்டம்.

ரயில்ல போலீஸ் நெருங்கும்போது ஒரு பெட்டிக்குள்ள பாஞ்சு, தனியா உக்காந்திருக்கற பமீலாவைக் கட்டிப்பிடிச்சு முத்தம் குடுத்து, காதலர்கள் மாதிரி காட்டிக்கறான். அவ உடனே காட்டிக் குடுத்துடறா. பின்னாடி ஒரு அரசியல் கூட்டத்துல மறுபடி மாட்டறான், அங்கயும் அவதான். போலீஸ்னு சொல்லிக்கிட்டு வந்த ரெண்டு பேர் அவளையும் வண்டியில ஏத்தறாங்க. வழியில பாலத்துல ஆட்டுமந்தை மறிச்சு நிக்குது. ஆளு தப்பிச்சுடக் கூடாதேன்னு அவ கையையும் அவன் கையையும் ஒரே விலங்குல பூட்டிட்டு ஆடு விரட்ட இறங்கறாங்க. அந்த நிமிஷத்துல ஹானே அவளையும் இழுத்துக்கிட்டுக் குதிச்சுடறான். அவளுக்கு அவன் கொலைகாரன். இழுக்கற பக்கமெல்லாம் போயாகணும்.

இப்போ சத்திரக் காட்சிக்கு வரேன். ராத்திரி, ரெண்டு பேரும் புதுசாக் கல்யாணமானவங்கன்னு பொய் சொல்லி ரூம் எடுக்கறாங்க. அவ காலுறை நனைஞ்சு போச்சு, கழட்டணும். அவ கை கீழ போனா பூட்டின அவன் கையும் கூடவே போயாகணும். அவன் கை அவ முழங்கால் பக்கத்துல தொங்குது. அவ சாண்ட்விச்சை எடுத்து அந்தக் கையில திணிச்சு, இதைப் பிடிங்கறா. நாலு தடவை பாத்துட்டேன், இந்த இடத்துல இன்னும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பாக்கறேன். ஒரு வரி காதல் வசனம் கிடையாது. கூச்சம், கோபம், குளிர், பசி எல்லாம் அந்த ஒரு கையில இருக்கு.

நடுராத்திரி அவன் தூங்கறான். அவ கையைச் சுருக்கிச் சுருக்கி விலங்கிலேர்ந்து உருவிடறா. கதவைத் திறந்து வெளியே வந்துட்டா. கீழே அந்தப் போலிப் போலீஸ்காரங்க டெலிபோன்ல பேசறது காதுல விழுது. ஹானே சொன்னது அத்தனையும் நிஜம்னு அப்பதான் தெரியுது. திரும்பி வந்து, கட்டில் காலடியில இருக்கற சோபாவுல படுத்துக்கறா.

என்னைப் பொறுத்தவரை படம் அங்கதான் தொடங்குது. பூட்டி வச்சிருந்தப்போ சேர்ந்து ஓடினதுல என்ன இருக்கு? பூட்டு கழன்ற பிறகு தங்கினாளே, அதான் கதை. நீங்க என்ன நினைக்கறீங்க?

ராயபுரம்ராஜி | வெள்ளி, இரவு 10.15

அண்ணா, சத்திரக் காட்சியை அழகா எழுதியிருக்கீங்க. ஆனா அதுக்கு முன்னாடி நடந்ததை ரொம்ப வேகமாத் தாண்டிட்டீங்க.

ரயில்ல தனியா உக்காந்து படிச்சிட்டிருக்கா ஒரு பொண்ணு. யாரோ ஒருத்தன் உள்ள வந்து முத்தம் குடுக்கறான். அவ போலீஸ்கிட்ட சொன்னது காட்டிக் குடுத்ததா? நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். அப்புறம் இருட்டுல, பாறையில, ஓடையில அவளைத் தரதரன்னு இழுத்துட்டுப் போறான். கத்தினா வாயைப் பொத்தறான். கோட்டுப் பையில துப்பாக்கி இருக்கற மாதிரி புகைக்குழாயை வச்சு மிரட்டறான். இதை நாம ரசிச்சுப் பாக்கறோம்னா, அவன் நிரபராதின்னு நமக்கு முன்னாடியே தெரியும்கறதாலதான். அவளுக்குத் தெரியாதே. அவ கண்ணால பாத்தா இது ஒரு கடத்தல்.

அதனால அவ தங்கினதை நான் வேற மாதிரி பாக்கறேன். அவன் பேச்சுல மயங்கி அவ தங்கல. அவன் ராத்திரி பூரா பேசினதுல ஒரு வார்த்தையைக்கூட நம்பல. வெளிய வந்து, சொந்தக் காதால கேட்டு, சொந்தப் புத்தியால முடிவு பண்ணி உள்ள வந்தா. அந்த ஒரு இடத்துக்காகத்தான் இந்தப் படத்தை நான் மன்னிக்கறேன்.

கொக்குவில் | வெள்ளி, இரவு 11.02

நான் படத்துக்கு முதலே புத்தகத்தை வாசிச்சனான். அதால எனக்கு வந்த திகைப்பு வேற மாதிரி. பமீலா எண்ட ஆளே புத்தகத்தில இல்லை!

ஜோன் பக்கன் சுகமில்லாமப் படுக்கையில கிடக்கேக்க எழுதினது, 1915ல வந்தது. அதில ஹானே தெற்கு ஆபிரிக்காப் பக்கத்தில இருந்து வந்த சுரங்கப் பொறியியலாளன், கனடாக்காரன் இல்லை. ஸ்கொட்லாந்து மலையில தனியத்தான் ஓடுவான். வழியில சத்திரக்காரன், ரோட்டுக்குக் கல்லுடைக்கிறவன் எண்டு ஆக்கள் வருவினம், உதவுவினம், போவினம். ஒருத்தரும் அவனோட கட்டுப்பட்டு ஓடேல்லை. 39 படி எண்டதும் அங்க உண்மையான படிதான், கடலுக்கு இறங்கிற படி. படத்தில அது உளவுக் கும்பலின்ர பேராப் போச்சு.

விலங்கு, பமீலா, சத்திரம் எல்லாம் ஹிட்ச்கொக்கும் திரைக்கதை எழுதின சார்ல்ஸ் பெனெட்டும் சேத்தது. தனி மனுசன் ஓடுற கதையை எடுத்து, அவனை நம்பாத ஒருத்தியை அவன்ர கையில கட்டிவிட்டிருக்கினம். புத்தகத்தில ஹானேக்கு எதிரி வெளியில. படத்தில எதிரி வெளியிலயும் இருக்கு, அவன்ர இடது பக்கமோ வலது பக்கமோ ஒட்டி நடந்தும் வருது. உதுதான் பெரிய மாற்றம் எண்டு நான் நினைக்கிறன்.

ராஜி அக்கா சொன்னதும் சரிதான். அவளைப் புதுசாச் சேத்தவை, அவளுக்கெண்டு ஒரு முடிவையும் குடுத்திருக்கினம். அந்தக் காலத்துப் படங்களில அது லேசில கிடையாது.

பழையரீல் | சனி, காலை 6.20

டெல்டா பக்கம் ஒரு டூரிங் கொட்டாயில ஆபரேட்டரா இருந்தவன் நான். கார்பன் எரியற வாசனையிலயே பாதி ஆயுசு போச்சு. இந்தப் படத்தைக் கொட்டாயில ஓட்டினதில்ல. பின்னால ஒரு பிலிம் சொசைட்டியில, சின்ன ஹால்ல பாத்தேன். அதுலேர்ந்து என் மனசுல கிடக்கறதைச் சொல்றேன், வைகைக்கரை தம்பி.

இந்தப் படத்துல நிஜத்தைச் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. ஆரம்பத்துலயே பாருங்க. வீட்டுல பொணம், வாசல்ல கொலைகாரங்க. காலையில பால்காரர் வர்றார். ஹானே நடந்ததை அப்படியே சொல்றான். பால்காரர் கொஞ்சம்கூட நம்பல. உடனே கதையை மாத்தி, மாடி வீட்டுல கல்யாணமான பொம்பளையோட சினேகிதம், வாசல்ல நிக்கறது அவ அண்ணனும் புருஷனும்னு சொல்றான். பால்காரர் சிரிச்சுட்டுத் தன் வெள்ளைக் கோட்டையும் தொப்பியையும் கழட்டிக் குடுத்துடறார். அப்புறம் ஷெரீப்கிட்ட உண்மையைக் கொட்டறான், அவர் தலையாட்டிக் கேட்டுட்டுக் கைவிலங்கு மாட்டச் சொல்றார். ஒரு கூட்டத்துல வேற யாரோன்னு நினைச்சு மேடையில ஏத்திடறாங்க, அங்க வாய்க்கு வந்ததைப் பேசறான், கைதட்டு கூரையைப் பிளக்குது.

ஆக நம்பிக்கைங்கறது இந்தப் படத்துல வாயால சம்பாதிக்க முடியாத சரக்கு. ராஜி சொன்னதை நான் முழுசா ஒத்துக்கறேன். அந்தப் பொண்ணு அவன் வாயைக் கேட்டு நம்பல, கள்ளன் வாயைக் கேட்டுத்தான் நம்பினா.

இன்னொண்ணு சத்தம். வேலைக்காரம்மா ரூமுக்குள்ள வந்து பொணத்தைப் பாத்துட்டு வாயைத் திறக்கறா. நம்ம காதுல விழறது அலறல் இல்ல, ரயில் ஊதல். அடுத்த ஷாட்டுல ரயில் குகையிலேர்ந்து சீறிக்கிட்டு வருது. அலறல் லண்டன்ல, அதோட சத்தம் அவன் ஏறின ரயில்ல. இங்கிலாந்துல பேசும் படம் வந்து அஞ்சாறு வருஷம்தான் ஆகியிருந்தது அப்போ. பல பேர் மைக் முன்னால நின்னு பேசறதையே சினிமான்னு எடுத்துட்டிருந்த காலம். இந்த மனுஷன் சத்தத்தை வச்சே ஓட வைக்கறார்.

தூக்கம்வராதவன் | சனி, காலை 11.48

விலங்குன்னதும் எனக்கு இன்னொரு படம் ஞாபகம் வருது. ஸ்டான்லி கிராமரோட ‘தி டிஃபையன்ட் ஒன்ஸ்’, 1958. அமெரிக்காவோட தெற்கு. கொட்டற மழையில கைதிகளை ஏத்திட்டுப் போற லாரி கவுந்துடுது. ஒரே சங்கிலியில கட்டின ரெண்டு பேர் தப்பிச்சுடறாங்க. ஒருத்தர் கறுப்பர், நோவா கல்லன், சிட்னி பாய்ட்டியர் பண்ணியிருப்பார். இன்னொருத்தன் வெள்ளைக்காரன், ஜோக்கர் ஜாக்சன், டோனி கர்டிஸ். ஒருத்தன் முகத்தை ஒருத்தனுக்குப் பிடிக்காது. துரத்தறவங்களே அவசரப்படல, எப்படியும் கொஞ்ச தூரத்துல ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கொன்னுடுவாங்கன்னு நம்பறாங்க.

ஒரு காட்சியை மட்டும் சொல்றேன். களிமண் வெட்டின ஆழமான குழிக்குள்ள ஒளியறாங்க. மேல ஏறணும், சுவர் முழுக்க வழுக்குது, மழை. ஒருத்தன் ஏறினா சங்கிலி இன்னொருத்தனை இழுக்குது, அவன் வழுக்கினா இவனும் கீழ வரான். கையால மண்ணைப் பிறாண்டிப் பிறாண்டி, தோள்ல ஏறி, விழுந்து, மறுபடி ஏறி வெளிய வராங்க. வசனத்துல சொல்ல வேண்டியதெல்லாம் அந்தச் சேத்துலயே சொல்லி முடிச்சாச்சு.

வைகைக்கரை கேட்ட கேள்வி இங்கயும் வருது. ஒரு தனி வீட்டுல சங்கிலியை உடைச்சுடறாங்க. ரெண்டு பேரும் அவங்கவங்க வழியில போகலாம். அந்த வீட்டுப் பொம்பளை ஜோக்கரோட ஊரை விட்டுப் போக நினைக்கறா. கல்லனுக்கு ரயில் பாதைக்குப் போற குறுக்கு வழின்னு சதுப்பு நிலத்தைக் காட்டி விட்டுடறா. அங்க போனா உயிரோட திரும்ப முடியாதுன்னு தெரிஞ்சேதான் அனுப்பறா. அதைக் கேட்டதும் ஜோக்கர் அவளை விட்டுட்டு சதுப்புக்குள்ள ஓடறான். தோள்ல குண்டு வேற வாங்கிக்கறான். கடைசியில கல்லன் ஓடற ரயில்ல ஏறிடறான், கீழ ஓடற ஜோக்கர் கையைப் பிடிச்சு இழுக்கறான், முடியல. கையை விட்டிருக்கலாம். விடாம அவனோட கீழ விழுந்துடறான்.

ரெண்டு கை, நடுவுல சங்கிலி இல்ல. அப்பவும் விடல. அந்த ஷாட்டைப் பாத்த அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரல.

ராயபுரம்ராஜி | சனி, மதியம் 12.30

அந்த ரயில் காட்சியைப் பத்திப் பேசினா அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் எழுதினதையும் பேசியாகணும். 1976ல வந்த ‘தி டெவில் ஃபைண்ட்ஸ் வொர்க்’ புத்தகத்துல இருக்கு. வெள்ளைக்காரங்க கூட்டமா உக்காந்து பாத்த தியேட்டர்ல, கல்லன் ரயில்லேர்ந்து விழுந்ததும் எல்லாருக்கும் நிம்மதி, கைதட்டு. ஹார்லெம்ல கறுப்பர்கள் பாத்த தியேட்டர்ல அதே காட்சிக்கு, முட்டாளே, திரும்ப ரயில்ல ஏறுன்னு கத்தியிருக்காங்க.

அமெரிக்காவோட தெற்குல, லிட்டில் ராக்ங்கற ஊர்ல ஒன்பது கறுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குள்ள போக ராணுவம் காவலுக்கு நின்னது 1957ல. அடுத்த வருஷம் இந்தப் படம். அந்தக் காலத்துல ஒரு கறுப்பர் கையில கிடைச்ச விடுதலையை ஒரு வெள்ளைக்காரனுக்காக விட்டுட்டு விழறாருன்னா, அந்தத் தியாகம் யாருக்கு ஆறுதல் தருது? யாரு தங்கணும்னு கதை எதிர்பாக்குதுன்னு பாருங்க. ஒரு படத்துல பொண்ணு, இன்னொண்ணுல கறுப்பர். ஓடிப்போறதுக்கு அதிக நியாயம் இருக்கறவங்க யாரோ, அவங்கதான் தங்கறாங்க.

தங்கறது உயர்ந்ததுன்னு நாம சுலபமா சொல்லிடறோம். சில பேருக்குப் போறதுதான் உயர்ந்தது.

வைகைக்கரை | சனி, மதியம் 2.05

ராஜி, நீங்க சொன்னதுல நான் அசந்து உக்காந்துட்டேன். பால்ட்வின் எழுதினது எனக்குத் தெரியாது. இனிமே அந்த ரயில் காட்சியைப் பாக்கும்போது ஹார்லெம் குரலும் சேர்ந்துதான் கேக்கும்.

ஒரே ஒரு இடத்துல மட்டும் நான் கிராமர் பக்கம் நிப்பேன். ஊர்க்காரங்க ரெண்டு பேரையும் பிடிச்சுத் தூக்குல போடத் துடிக்கறாங்க. பிக் சாம்னு ஒருத்தர் தடுத்து, ராத்திரியில கட்டை அவுத்து விடறார். அவர் மணிக்கட்டுல விலங்குத் தழும்பு. அவரும் ஒரு காலத்துல சங்கிலியில கிடந்தவர். அதைப் பத்தி அவர் கதை சொல்றதில்ல, தழும்பு தெரியுது, அவ்வளவுதான். நான் கேட்ட கேள்விக்கு அந்தப் படத்துலயே நல்ல பதில் ரயில் இல்ல, இந்தத் தழும்புதான்னு இப்போ தோணுது.

இந்தப் படத்தோட திரைக்கதைக்கு ஆஸ்கர் கிடைச்சுது. எழுதினவங்கள்ல ஒருத்தர் நெட்ரிக் யங். கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலம், அவர் கறுப்புப் பட்டியல்ல இருந்ததால சொந்தப் பேரைப் போட முடியல. நேதன் டக்ளஸ்ங்கற பேர்லதான் எழுதினார். ஓடி ஒளியற ரெண்டு பேரைப் பத்தின கதையை ஒளிஞ்சிருந்து எழுதியிருக்கார். பாய்ட்டியருக்கும் கர்டிஸுக்கும் ரெண்டு பேருக்குமே சிறந்த நடிகர் பரிந்துரை வந்துது. அந்தப் பிரிவுல பரிந்துரை வாங்கின முதல் கறுப்பர் பாய்ட்டியர்தான்.

இளநிலா | சனி, மாலை 5.30

எனக்கு 20 வயசு. இந்த ரெண்டு படமும் பாத்ததில்ல. ஆனா படிக்கப் படிக்க ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’தான் கண் முன்னால வருது. மிஷ்கின், 2013. ராத்திரி ரோட்டுல குண்டடி பட்டுக் கிடக்கறவனை ஒரு மருத்துவ மாணவன் தூக்கிட்டுப் போறான், எங்கயும் சேத்துக்க மாட்டேங்கறாங்க. வீட்டுக்குக் கொண்டு வந்து, போன்ல பேராசிரியர் சொல்லச் சொல்ல அவனே அறுவை பண்ணிக் காப்பாத்தறான். காலையில ஆள் காணோம். அப்புறம்தான் தெரியுது, போலீஸ் தேடற கொலைகாரனைக் காப்பாத்தியிருக்கான். பிறகு ஒரே ராத்திரி, ரெண்டு பேரும் சேர்ந்து ஓடறாங்க. முதல்ல மிரட்டிக் கூட்டிட்டுப் போறான். எந்த நிமிஷத்துல மிரட்டல் போய் வேற ஒண்ணு வந்துதுன்னு என்னால குறிச்சுக் காட்ட முடியல.

பாட்டே கிடையாது, இளையராஜா இசை மட்டும். சுடுகாட்டுல உக்காந்து அவன் கதை சொல்ற இடம் வரைக்கும் அவன் யாருக்காக ஓடறான்னே நமக்குத் தெரியாது. இதுல கைவிலங்கு கண்ணுக்குத் தெரியாது. அவன் வயித்துல போட்ட தையல்தான் விலங்குன்னு நினைக்கறேன். தன் கையால காப்பாத்தின உயிரை விட்டுட்டு எப்படிப் போறது?

தூக்கம்வராதவன் | சனி, இரவு 8.10

தையல்தான் விலங்கு. நல்லா சொன்னே தம்பி, இல்ல தங்கச்சியா, தெரியல.

சினிமாவை விட்டு ஒண்ணு சொல்லணும். 2015 டிசம்பர் 2. ஜாஃபர்கான்பேட்டையில நாங்க குடியிருந்த தெருவுல விடியறப்போ இடுப்புக்கு மேல தண்ணி. குடும்பத்தை முந்தின நாளே அசோக் நகர்ல சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பிட்டேன், நான் மட்டும் மாட்டிக்கிட்டேன். தெரு முனையில ஒருத்தர் நின்னுட்டிருந்தார். அறுபது வயசு இருக்கும், தோள்ல ஒரு பை. அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கல. மொட்டைமாடியிலேர்ந்து அவிழ்த்த நைலான் கொடிக்கயிறு என்கிட்ட இருந்தது. ஒரு முனையை என் மணிக்கட்டுல சுத்திக்கிட்டேன், இன்னொரு முனையை அவர் சுத்திக்கிட்டார். எங்க குழி, எங்க சாக்கடை மூடி திறந்து கிடக்குன்னு தெரியாது. நான் ஒரு தடவை முழங்கால் வரைக்கும் உள்ள இறங்கிட்டேன், கயிறு இறுகுச்சு, அவர் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். அப்புறம் அவர் ஒரு தடவை.

மேட்டுக்கு வந்துட்டோம். கால்ல தார் ரோடு தட்டுப்பட்டுது. தண்ணி இல்ல. அப்பவும் கயிறோடதான் நடந்துக்கிட்டிருந்தோம். ஒரு நூறடி இருக்கும். சிக்னல் பக்கத்துல அவர் நின்னு கையைப் பாத்தார், நானும் பாத்தேன். மெதுவா அவிழ்த்துச் சுருட்டி என் கையில குடுத்தார். பேர் கேக்கலாம்னு வாயைத் திறந்தேன், அதுக்குள்ள அவரோட பையன் போலருக்கு, ஓடி வந்து கட்டிக்கிட்டான்.

அந்த நூறடி ஏன் கயிறோட நடந்தோம்னு எனக்கு இன்னிக்கும் சொல்லத் தெரியல. வைகைக்கரையோட கேள்வியைப் படிச்சதும் அதான் ஞாபகம் வந்துது.

கொக்குவில் | சனி, இரவு 9.25

வாசிச்சு முடிச்சிட்டுக் கொஞ்ச நேரம் பேசாம இருந்தனான் அண்ணை. சொன்னதுக்கு நன்றி.

39 ஸ்டெப்ஸில கட்டுப்பட்டுக் கிடக்கிற இன்னொரு ஆளை ஒருத்தரும் சொல்லேல்லை: மிஸ்டர் மெமரி. மேடையில நிண்டு எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லுற ஞாபகசக்திக்காரர். உளவுக் கும்பல் அந்த ரகசியத்தைக் கடதாசியில எழுதிக் கொண்டுபோகேல்லை, அவர்ர தலைக்குள்ள ஏத்திக் கொண்டுபோகப் பாக்குது. சத்தமில்லாத விமான எஞ்சினின்ர சூத்திரம். லண்டன் பலேடியம் அரங்கில, பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போகேக்க ஹானே கத்துறான்: 39 ஸ்டெப்ஸ் எண்டா என்ன? மெமரிக்குத் தெரியும், சொன்னா உயிர் போகும். ஆனா மேடையில கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவரால இருக்கேலாது. சொல்லத் தொடங்குறார், சூடு விழுது.

பிறகு திரைக்குப் பின்னால, சாகிற நேரத்தில அந்த நீளமான சூத்திரத்தை முழுக்க ஒப்பிச்சிட்டு, சரியா ஐயா எண்டு ஹானேயிட்டக் கேக்கிறார். சரிதான் எண்டு ஹானே சொல்ல, இனி இதை மனசில சுமக்கத் தேவையில்லை எண்ட நிம்மதி அவருக்கு. அவருக்குப் பின்னால நாட்டியக்காரப் பெட்டையள் கால் தூக்கி ஆடிக்கொண்டே இருக்கினம். கடைசி ஷொட்டில ஹானேயும் பமீலாவும் கை கோக்கினம், அவன்ர மணிக்கட்டில விலங்கு இன்னும் தொங்குது, ஒரு பக்கம் வெறுமையா.

பழையரீல் | ஞாயிறு, காலை 5.50

எல்லாரும் ஓடினவங்களைப் பத்திப் பேசிட்டீங்க. ஓட முடியாத ஒருத்தி இருக்கா. ராத்திரி பூரா அவ நினைப்புதான்.

மார்கரெட். மலைமேல குடியானவன் வீடு. ஹானே ஒரு ராத்திரிக்குக் காசு குடுத்துத் தங்கறான். அவளை முதல்ல பாத்ததும் பொண்ணான்னு கேக்கறான், பொண்டாட்டிங்கறார் வீட்டுக்காரர். வயசு வித்தியாசம் அவ்வளவு. பெக்கி ஆஷ்கிராஃப்ட் அப்போ 27 வயசு. பத்து நிமிஷம்கூட வர மாட்டாங்க, ஆனா படத்துல அவங்க முகம்தான் எனக்கு நிக்குது. கிளாஸ்கோவுலேர்ந்து வந்த பொண்ணு. சனிக்கிழமை ராத்திரி கடைத்தெரு வெளிச்சத்தைப் பத்திக் கேக்கறா. லண்டன்ல பொம்பளைங்க கால் நகத்துக்குச் சாயம் பூசுவாங்களாமேன்னு கேக்கறா. அந்தக் கேள்வியைக் கேக்க அவ எத்தனை நாள் காத்திருந்தாளோ.

சாப்பாட்டு மேசையில புருஷன் கண்ணை மூடி ஜெபம் சொல்றான். மேசையில பேப்பர். அதுல கொலைச் செய்தி. ஹானே பேப்பரைப் பாக்கறதை அவ பாக்கறா, அவ புரிஞ்சுக்கிட்டதை ஹானே பாக்கறான். ரெண்டு பேரும் பாத்துக்கறதைப் புருஷன் பாத்துடறான், தப்பாப் புரிஞ்சுக்கறான். மூணு ஜோடிக் கண்ணு, ஒரு வார்த்தை இல்ல.

நடுராத்திரி போலீஸ் வண்டி வெளிச்சம் தெரியுது. அவ எழுப்பி விடறா. புருஷன் காசுக்காகக் காட்டிக் குடுக்கப் பேசறதைக் கேட்டுட்டு, வெளிர் நிறக் கோட்டுல போனா தூரத்துலயே தெரியும்னு, புருஷனோட கறுப்பு ஞாயித்துக்கிழமைக் கோட்டை எடுத்து மாட்டி விடறா. அவர் உங்களை என்ன செய்வார்னு ஹானே கேக்கறான். ஜெபம் பண்ணுவார், அதுக்கு மேல ஒண்ணுமில்லங்கறா. அது பொய்னு அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரிஞ்சிருக்கும்.

அந்தக் கோட்டுப் பையில இருந்த பாட்டுப் புஸ்தகம்தான் பின்னால நெஞ்சுக்கு வந்த குண்டைத் தாங்குது. அடுத்த ஷாட்டு என்ன தெரியுமா? அந்த வீடு. புருஷன் பாட்டுப் புஸ்தகத்தைத் தேடறான், கோட்டுல இருந்துதேங்கறான். கோட்டை அந்த ஐயாவுக்குக் குடுத்துட்டேன்னு இவ சொல்றா. அவன் அவளை நோக்கி வரான், அடி விழற சத்தம், அவ குரல். உடனே வெட்டு. ஷெரீப் ஆபீஸ்ல சிரிப்பு. புஸ்தகம் குண்டைத் தாங்கின அதிசயத்தைப் பேசிச் சிரிக்கறாங்க.

ஆயிரம் ரீல் ஓட்டியிருக்கேன். அந்த ஒட்டு மாதிரி ஒண்ணு பாத்ததில்ல. ரீல்ல அடிக்கும் சிரிப்புக்கும் நடுவுல ஒரு விரக்கடை இடம்கூட இல்ல.

ராயபுரம்ராஜி | ஞாயிறு, காலை 8.15

ஐயா, நான் ரெண்டு நாளா பமீலாவுக்காகச் சண்டை போட்டுட்டு இருந்தேன். மார்கரெட்டை மறந்தே போயிட்டேன்னு நினைக்கும்போது உடம்பு என்னமோ பண்ணுது.

பமீலாவுக்காவது கதவைத் திறந்து வெளிய வந்து, கேட்டு, திரும்பற வாய்ப்பு கிடைச்சுது. மார்கரெட்டுக்கு எந்தக் கதவும் திறக்கல. அவளும் ஹானேயும் ஒரு ராத்திரி அந்நியர்தான். விலங்கு இல்ல, ரயில் இல்ல, சேர்ந்து ஓடவும் இல்ல. படத்துல எந்தச் சாட்சியும் இல்லாம, பாத்த உடனே ஹானேயை நம்பின ஒரே ஆள் அவ. நீ கொலைகாரனான்னு கேட்டா, இல்லன்னான், நம்பிட்டா. அவளுக்குத்தான் அடி.

வைகைக்கரை | ஞாயிறு, காலை 9.00

பழையரீல் ஐயா சொன்னதுக்கு அப்புறம் நான் போட்ட தலைப்பையே மாத்தணும் போல இருக்கு. அவ ஏன் போகலன்னு நான் கேட்டது பமீலாவைப் பத்தி. கேட்டிருக்க வேண்டியது இவளைப் பத்தி.

இளநிலா, படத்தை இன்னிக்குப் பாத்தா எழுதும்மா. எங்க கண்ணுக்குப் படாதது உனக்குப் படலாம்.

இளநிலா | ஞாயிறு, இரவு 11.35

இப்பதான் பாத்து முடிச்சேன். அம்மா துணி மடிச்சிக்கிட்டே பக்கத்துல உக்காந்து பாத்தாங்க. அவங்களுக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது, நடு நடுவுல நான் சொல்லிக்கிட்டே வந்தேன்.

சத்திரத்துல காலுறை கழட்டற காட்சிக்குச் சிரிச்சாங்க. மிஸ்டர் மெமரி சாகும்போது, பாவம், சொல்லாம இருந்திருக்கலாமேன்னாங்க. கடைசியில ரெண்டு கையும் சேர்ந்து, விலங்கு தொங்கி, படம் முடிஞ்சு பேர் வந்துடுச்சு. நான் எழுந்து லைட்டைப் போட்டேன்.

அம்மா எழுந்திரிக்கல. கையில மடிச்ச சட்டை அப்படியே இருந்துது. ‘அந்தக் கோட்டு குடுத்த பொண்ணு?’ன்னு கேட்டாங்க.

முடிஞ்சுதும்மா, அவ்வளவுதான்னேன்.

‘அவன் திரும்ப அந்த வீட்டுக்குப் போகவே இல்லையா?’